தென்கிழக்கு மூலையில் வடகம் வாசனை

கொரோனா வந்து போனபோது ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு போனது. எல்லாருக்கும் திரும்பி வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், என் வீட்டுக்காரரும் சொன்னார். கிராம்பு, எலுமிச்சம்பழம், தைலம் என்று காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார்கள். நாய் மாதிரி மோந்து மோந்து பார்த்ததுதான் மிச்சம். நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும். அதற்கு மேல் ஒரு மண்ணும் கிடையாது.

வேறு ஒருத்திக்கு இது நடந்திருந்தால் எப்படியோ சமாளித்திருப்பாள். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள், அவ்வளவுதான். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆற்காட்டுப் பக்கம் நான் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, அடுப்பில் இருப்பதில் வாய் வைக்கக் கூடாது. காக்காய்க்கு ஒரு உருண்டை வைத்த பிறகுதான் மனுஷர் வாயில் படலாம். அதுவரைக்கும் எல்லாம் மூக்குதான். உப்பு குறைந்தால் கொதிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். புளி பச்சையாக நிற்கிறதா, வெந்தயம் ஒரு நொடி அதிகமாகச் சிவந்துவிட்டதா, கூடத்தில் இருந்தபடியே சொல்வேன். அப்படிப்பட்டவளைக் கண்ணைக் கட்டி அடுப்பின் முன்னால் நிறுத்தியது போல் ஆயிற்று.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பெங்களூர் பொம்மனஹள்ளியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சின்ன வீடு, பின்னால் கொஞ்சம் இடம். வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அத்தனை வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்த மனுஷன், என் டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டுதான் போவார். கத்திரிக்காய் காரக்குழம்பு, கடைசியில் வெங்காய வடகம் தாளித்துக் கொட்டியது. அதுதான் அவருக்கு உயிர். சாப்பிடும்போது பேச மாட்டார். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பார், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கும் மேலாக எனக்கு அந்த மூன்று வார்த்தைதான் சம்பளம், போனஸ் எல்லாம்.

மூக்கு போன பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. நான் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். விருந்தாளி மாதிரி! திட்டியிருந்தால் கூடத் தேவலை. எனக்கு மூக்கு வேண்டும் என்றுகூட இல்லை. அவர் இன்னொரு தரம் தட்டை நீட்டிக் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. கேஸ் வெளியே வருவது தெரியாமல் நான் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வாக்கிங் போய்விட்டு வந்தவர் கேட்டிலிருந்தே கத்தினார். ஓடி வந்து ஜன்னலையெல்லாம் திறந்தார். மறுநாளே சிலிண்டரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி வந்துவிட்டார். கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்று. தீ கிடையாது, சத்தம் கிடையாது. மூக்கும் இல்லாமல் தீயும் இல்லாமல் என்னத்தைச் சமைப்பது?

"அப்படீன்னா வெளியில கட்டிக் குடுங்க. காத்தாட இருந்தா கேஸ் எங்க தங்கும்?" என்று சண்டை பிடித்தேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் சரி என்றார்.

வெளிச் சமையல்கட்டு போடுகிறேன் என்று ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். ஆண்டி, ஆண்டி என்று கூப்பிட்டுக்கொண்டு படம் படமாகக் காட்டினான். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரன் கறி சுட்டுக்கொண்டிருந்தான். "எனக்கு ரெண்டு பர்னர், ஒரு தொட்டி, அம்மிக்கு ஒரு மேடை, மேல ஒரு ஷீட்டு, அணிலு பூந்துடாம இருக்க வலை. இதுல எங்க இருக்கு அதெல்லாம்?" என்று கேட்டேன். கிணற்றடி மாதிரித் தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும் என்றும் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். கடைசியில் அவன் பிடிவாதமாக வைத்தது ஒன்றே ஒன்று. மேடைக்கு அடியில் சிலிண்டருக்குக் கதவு போட்ட அலமாரி. திறந்து வைத்தால் அசிங்கமாக இருக்குமாம். நானும் விட்டுவிட்டேன்.

இடம் எங்கே என்பதில் அடுத்த சண்டை. கொய்யா மரத்தடியில் நல்ல காற்று வரும். அங்கேதான் கட்ட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அக்கினி மூலை தென்கிழக்கு, கிழக்கே பார்த்துத்தான் சமைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்த மூலை இரண்டு காம்பவுண்டுச் சுவரும் முட்டுகிற இடம், காற்று திரும்பாது. காற்றுக்காகத்தானே வெளியில் கட்டுகிறோம் என்று அவர் கேட்டதற்கு, "வாஸ்து பாக்காம கட்டி வெளங்குமா?" என்று வாயை அடைத்துவிட்டேன். மேஸ்திரி கன்னடக்காரர். அவரும் என் கட்சி. "ஹௌதம்மா, அக்னி மூலையை விட்டு வேற எங்கியும் அடுப்பு வெக்கக் கூடாது," என்றார்.

ஜிகணியிலிருந்து கருப்பு கிரானைட் பலகை வந்தது. மேடை எழும்பி, பலகையை உட்கார வைத்து, பூச்சுக்கு ஈரச் சாக்கு போர்த்தியிருந்த சமயம். அடுப்பு இன்னும் கடையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவளும் கன்னடக்காரி, பேசுவது பாதித் தமிழ்.

"ஏன்க்கா, இன்னிக்கு என்ன ஸ்பெஷலு? நம்ம மாடி வரைக்கும் வாசனை தூக்குது. என் எஜமான்ரு அன்னம் போடு போடுன்னு ஒரே ரகளை."

நான் அன்றைக்கு ஒன்றும் சமைக்கவில்லை. கல்லில் கை வைத்து மேஸ்திரியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு ஹோட்டல் இட்லி. "வேற எங்கிருந்தாவது வந்திருக்கும்" என்றேன். "இல்லவே இல்ல, இந்த மூலையிலிருந்துதான்" என்று அவள் கையைக் காட்டினாள். கை நீட்டிய இடத்தில் ஈரச் சாக்கு மட்டும் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி கரணையை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "அம்மா, பூண்டு போட்டுத் தாளிச்சீங்களா? பசி எடுக்குது." நான் கையில் காலி வாளியோடு நிற்கிறேன். சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எவன் வீட்டு வாசனைக்கோ பயந்து சாகிறாயே என்று கிண்டல் செய்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனவர் வெகு நேரம் திரும்பவில்லை.

போய்ப் பார்த்தேன். அந்த மூலையில், சுவரைப் பார்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னங்க?"

"உன் குழம்பு" என்றார்.

"என் குழம்பா? எந்த அடுப்புல, என் தலையிலயா?"

"பழைய குழம்புடி. வடகம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்ல, அது."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். நெஞ்சு வலிக்கிற அளவுக்கு இழுத்தேன். சிமென்ட் வாசனை கூட வரவில்லை எனக்கு. என் குழம்பை ஊரே மோந்து பார்க்கிறது, எனக்கு மட்டும் இல்லை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் வந்தது எரிச்சல்தான். யாருடைய கை அது? யாரைக் கேட்டு என் குழம்பை வைக்கிறாள்?

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். விடியற்காலையில் மேடைக்கு மஞ்சள் பூசி, கோலம் போட்டு, புதுப் பாத்திரம் வைத்தேன். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக் கும்பிட்டேன். பிறகு என் அடுப்பில், என் தீயில், தினமும் சமைத்தேன். வீட்டுக்காரர் வழக்கம்போல "நல்லா இருக்கும்மா" என்றார்.

ஆனால் ஒன்று மாறியது. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். அங்கே உட்கார்ந்தால் இறங்குகிறது, உள்ளே உட்கார்ந்தால் இறங்கவில்லை என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் சமைத்த செத்த குழம்புக்கு அந்தப் பழைய குழம்பின் வாசனையைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். வயிறு எரிந்தது. சொந்தச் சமையலுக்கே சக்களத்தி ஆனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சும்மா விடுகிற ஆள் இல்லை நான். ஒரு நாள் அவரைக் கையைப் பிடித்து இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"இன்னைக்கு நீங்கதான் எனக்கு மூக்கு. அவ என்ன பண்றான்னு வரிசையா சொல்லுங்க. நான் கூடவே பண்றேன்."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார், நான் செய்வேன். "எண்ணெய் காயுது... வெந்தயம் போட்டாச்சு... இப்ப வெங்காயம், பூண்டு... இன்னும் வதங்கணும், இரு... புளி ஊத்திட்டா." கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் சொல்லுகிற ஒவ்வொன்றும் என் கை செய்ய நினைத்ததற்கு ஒரு இமைப்பொழுது முன்னாலேயே வந்தது. பக்கத்தில் யாரோ தோளை உரசிக்கொண்டு நின்று சமைப்பது போல இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியாது.

காக்காய்க்கு வைத்துவிட்டு அவருக்குப் போட்டேன். சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். பிறகு தட்டு என் பக்கம் நீண்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஐயோ! நான் அழுத அழுகை! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். ஊற்றிய குழம்பு பாதி அவர் வேட்டியில் போயிற்று. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பேயோ பிசாசோ, எதுவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், என் கை திரும்பி வந்துவிட்டது என்று அன்றைக்குச் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவர் சொல்ல, நான் செய்ய, தட்டு நீள. உடம்பு கூடப் பூசினாற்போல் ஆனார். இதற்கு நடுவில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுவர் ஓரம் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது, நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, எப்படி அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கத்தினாள். போய்ப் பார்த்தால், வீட்டுக்காரரின் ஸ்டூலுக்குப் பின்னாலேயே கிடந்தது, ஊதிப்போய். எனக்குத் தெரியவில்லை என்றால் நியாயம். இவருக்கு என்ன? எடுத்துப் போடச் சோம்பேறித்தனம் என்று நினைத்து நன்றாகத் திட்டினேன். அவர் குனிந்து, அப்போதுதான் பார்ப்பவர் போல அதைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள். மத்தியானச் சமையல். கத்திரிக்காயை நறுக்கி வைத்துவிட்டு, லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் ஸ்டூலில், கண் மூடி.

"சீக்கிரம் பத்த வை. அவ எண்ணெயைக் காய வெச்சுட்டா."

"இருங்க, வாணலி ஈரமா இருக்கு" என்று துணியை எடுத்துத் துடைத்தேன்.

"பத்த வைம்மா. வெந்தயம் போடப் போறா."

வாணலியை வைத்தேன். லைட்டரை பர்னர் பக்கம் கொண்டு போனேன். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அலறல்.

"அக்கா! கேஸு! கேஸு! பத்த வெக்காதீங்க! பேடா, பேடா!"

லைட்டர் கையிலிருந்து கீழே விழுந்தது. குனிந்து அலமாரிக் கதவைத் திறந்தேன். உஸ் என்று சத்தம். ரப்பர் டியூபை இன்னொரு பெருச்சாளி கடித்திருந்தது. காற்றுத் திரும்பாத அந்த மூலையில், கதவு போட்ட அந்தப் பெட்டிக்குள், எவ்வளவு நேரமாக நிரம்பிக்கொண்டிருந்ததோ. ரெகுலேட்டரை மூடிவிட்டு அவரைத் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. முகம் அமைதியாக இருந்தது.

"கேஸ் நாறலையாங்க? நெஜமா உங்களுக்குத் தெரியலையா?"

"வெந்தயம் சிவந்துடுச்சு" என்றார் அவர்.

அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்த பிறகு, உள்ளேயிருந்து காபிப் பொடி டப்பாவை எடுத்து வந்து அவர் மூக்கில் நீட்டினேன். ஒன்றும் இல்லை என்றார். கற்பூரம், பினாயில், பூண்டை நசுக்கி, எல்லாவற்றையும் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலருந்து?"

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா. அது ஒண்ணு மட்டும்தான் வருது எனக்கு. அதுவும் அங்க உக்காந்தாத்தான்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடுப்பை நிறுத்திடுவ."

பக்கத்து வீட்டுக்காரியிடம் நன்றி சொல்லப் போனேன். அவளுக்கும் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அந்தக் குழம்பு வாசனை உனக்கு இன்னும் வருகிறதா என்று.

"எந்த வாசனை? ஓ, அதுவா. ரொம்ப நாளாச்சே அக்கா. நீங்க பால் காய்ச்சினீங்க பாருங்க, அன்னிக்கு அப்புறம் ஒரு நாளும் வரல." கொஞ்சம் தயங்கினாள். "இப்ப உங்க சமையல் வாசனைதான் வருது. தப்பா நினைச்சுக்காதீங்க. முன்ன மாதிரி இல்ல."

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். அத்தனை நாள் தட்டு நீண்டதே, அது எதற்கு? என் கை திரும்பியதற்கா, அந்த மூலை வாசனைக்கா? பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். சிலிண்டரை எடுத்தாகிவிட்டது, கரண்ட் அடுப்பில்தான் வைத்தேன். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, வெந்தயம் இல்லை, வடகம் இல்லை, எண்ணெய்கூட இல்லை. வெறும் புளித்தண்ணீரில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு கொதி. அவ்வளவுதான். சோற்றில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு பின்னால் போனார். அடுப்பை எடுத்துவிட்ட மேடை, மூளியாக நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் வாசற்படியில் கிண்ணத்தோடு நின்றேன்.

நிதானமாகப் பிசைந்தார். ஒரு வாய், இரண்டு வாய். விரலை வழித்து நக்கினார். எத்தனையோ வருஷமாகப் பார்த்த அதே விரல், அதே ருசி. பிறகு திரும்பாமலே தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

நான் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்கே மேஸ்திரியை வரச் சொல்றேன். இதை இடிச்சுடலாம்."

தட்டு கீழே இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். என்னிடம் அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றைக்குக் கெஞ்சினார்.

"வேணாம்மா. இருக்கட்டும். அவ பாட்டுக்கு சமைச்சுட்டுப் போறா, உன்னை என்ன பண்றா?"

"யாருங்க அவ?"

இது கூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தார்.

"நீதான்."

தட்டு மறுபடியும் நீண்டது. கிண்ணத்தில் மீதியிருந்த புளித்தண்ணீரை அதில் ஊற்றினேன்.